பாலா, வரக்காப்பியா? போடி மலையடிவாரத்தில் ஒரு காபிப் பயணம்

தேனி மாவட்டத்து டீக்கடையில் காபி கேட்டால், மாஸ்டர் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

"பாலாக்கா, வரக்காப்பியாக்கா?"

மெனு கார்டே அவ்வளவுதான். பால் என்றால் நுரை ததும்பும் பால் காபி. வரக்காப்பி என்றால் பால் சேராதது. சில ஊர்களில் அதையே கடுங்காப்பி என்பார்கள். இதற்கு மேல் வேண்டுமானால் 'சர்க்கரை கம்மியா' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நகரத்துக் காபி ஷாப்பில் இதே காபிக்கு ஒரு சுவர் நிறையப் பெயர்கள். கேரமல், ஹேசல்நட், வெனிலா, மோக்கா, ஃப்ராப்பே... வாசித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார். அளவும் மூன்று விதம். கோப்பைமேல் நம் பெயரைக்கூட எழுதித் தருகிறார்கள். அந்தக் காபி எந்த மலையில் விளைந்தது என்பது மட்டும் பெரும்பாலும் எங்கும் இருக்காது.

அந்த மலையைப் பார்த்துவிட்டு வரலாமே என்று மார்கழி மாதத்தில் தேனிக்குக் கிளம்பினேன். காபிப் பழம் பறிக்கும் பருவம் அது. கர்நாடகத்துக் குடகும் சிக்மகளூரும் எல்லோரும் அறிந்த காபி ஊர்கள். நம் பக்கம் ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, தாண்டிக்குடி என்று சொல்வோம். போடி மலையிலும் காபி விளைகிறது என்றால், "ஏலக்காய் ஊர் இல்லையா அது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

நாலு மணிக்கு விழிக்கும் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பு எளிமையானது. மேற்கே கேரள எல்லையாக ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல், வாழை, தென்னை, பன்னீர் திராட்சைப் பந்தல். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மலையை ஒட்டிய உள்சாலையில் போனால் தேவாரம், இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், கோம்பை.

இந்த ஊர்களில் பொழுது சூரியனோடு விடிவதில்லை. அதற்கும் முன்பே ஜீப்புகளோடு விடிகிறது. போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து கூலி வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளியும் சாப்பாட்டுப் பையுமாக இருட்டிலேயே நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று பாதைகளில் ஜீப்புகள் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும். தினமும் இதே ஏற்றம், இதே இறக்கம்.

அவர்களுக்காகவே பல கடைகளில் அந்த நேரத்துக்கு பாய்லர் கொதிக்கிறது. பால்வண்டி வரும் முன்பே கடை திறந்துவிட்டால் முதல் ஈடு வரக்காப்பிதான். கண்ணாடி கிளாஸில் கறுப்பாக, ஆவி பறக்க வருகிறது. ஜீப் ஹாரன் அடிப்பதற்குள் நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிறார்கள். காபி என்பது அங்கே ஓய்வுக்கான பானம் அல்ல. குளிரில் மலை ஏறப் போகிற உடம்புக்கு ஒரு சூடு.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைகள் எல்லாவற்றிலும் மலைக்காபி கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பாதிக்குமேல் டீதான் ஓடுகிறது. காபி கேட்டால் சில கடைகளில் இன்ஸ்டன்ட் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் காபித் தோட்டம். கீழே கிளாஸில் எங்கிருந்தோ வந்த தூள். இந்த முரணுக்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளைப் பூ, சிவப்புப் பழம்

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் 15 கிலோமீட்டர். போடியிலிருந்து ஒரு பாதை குரங்கணிக்குப் பிரிகிறது. இன்னொன்று 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று போடிமெட்டுக்கு ஏறுகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. அடிவாரத்தில் மாமரமும் இலவமரமும். மேலே ஏற ஏற வெயில் மெலிகிறது. காற்றில் ஈரம் சேர்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்க, அவற்றின் நிழலில் ஆளுயரச் செடிகள். பளபளக்கும் கரும்பச்சை இலை, கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பழம். அதுதான் காபி.

நம் நாட்டுக் காபி பெரும்பாலும் நிழலில் வளர்வது. மேலே மரம், மரத்தில் மிளகு, நடுவே காபி, இடையிடையே ஆரஞ்சு, பலா, வாழை. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். மரம் இருப்பதால் பறவை இருக்கிறது. மண் சரியாமல் நிற்கிறது.

காபிச்செடி வானத்தையே நம்பியிருக்கிறது. மாசி, பங்குனியில் ஒரு மழை சரியாகப் பெய்ய வேண்டும். பெய்தால், அடுத்த சில நாட்களில் கிளை முழுக்க வெள்ளைப் பூ விரியும். மல்லிகையை நினைவூட்டும் வாசம். பூ நிற்பது ஓரிரு நாள்தான். பிறகு எட்டு, ஒன்பது மாதக் காத்திருப்பு. பச்சைக் காய் மஞ்சளாகி, சிவந்து, கார்த்திகை, மார்கழியில் பறிப்புக்கு வரும். பூ மழை தவறினால் விளைச்சல் போச்சு. பறித்துக் களத்தில் காயவைக்கும்போது எதிர்பாராத மழை பெய்தால் கொட்டையின் தரம் போச்சு. இதற்கு நடுவில் தண்டைத் துளைக்கும் வண்டு, காயைத் துளைக்கும் வண்டு, இலைத்துரு நோய், இரவில் இறங்கும் காட்டுமாடு.

ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. அதனால் ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை வந்து, பழுத்ததை மட்டும் பொறுக்க வேண்டும். இடுப்பில் சாக்குப்பை கட்டிய ஒரு பெரியம்மா பறித்துக்கொண்டே சொன்னார்: "செவப்பை மட்டுந்தான் எடுக்கணும் தாயி. பச்சையைச் சேத்தா எடை கூடும். ஆனா குடிக்கிறவுகளுக்கு நாக்கு கசக்குமுல்ல?"

அவரிடம் கேட்டேன்: "நீங்க காப்பி எப்படிக் குடிப்பீங்க பெரியம்மா?"

"வரக்காப்பிதான். வெல்லத்தை ஒரு கடி, காப்பி ஒரு மடக்கு. பாலு இம்புட்டுத் தூரம் எங்கிட்டு ஏறி வருது?"

நமக்கு 'பிளாக் காபி' என்பது ஒரு தேர்வு. உடல் எடைக்காகவோ ருசிக்காகவோ எடுத்துக்கொண்ட பழக்கம். அவருக்கு அது பால் இல்லாததால் வந்தது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு வரக்காப்பியைப் புகழக் கூடாது என்று அந்த இடத்திலேயே தோன்றியது.

ஒரு டம்ளருக்கு 40 பழம்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏறக்குறைய 5 முதல் 6 கிலோ பழத்திலிருந்துதான் 1 கிலோ காபிக் கொட்டை கிடைக்கும். மீதி எல்லாம் தோலும் சதையும் ஈரமும். கொட்டையை வறுக்கும்போது எடையில் இன்னும் 15 முதல் 20 சதவீதம் குறையும். ஆக, 1 கிலோ தூளுக்கு 6, 7 கிலோ பழம் வேண்டும்.

சிக்கரி சேராத ஒரு டம்ளர் காபிக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் 60, 70 கிராம் பழம் இருக்கிறது. எண்ணிக்கையில் சுமார் 40 பழம். ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு கொட்டை. சிலவற்றில் மட்டும் ஒற்றைக் கொட்டை உருண்டையாக இருக்கும். கடைகளில் 'பீபெர்ரி' என்று தனியாக விற்பது அதைத்தான்.

40 பழத்தையும் யாரோ ஒருவர் கையால் பறித்திருக்கிறார். பிறகு தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் பல நாள் காயவைத்து, சாக்கில் கட்டி இறக்க வேண்டும். தோல் நீக்காமல் பழமாகவே காயவைப்பதும் உண்டு. அதன் ருசி வேறு. சாலை எட்டாத மலைக்கிராமங்களிலிருந்து குதிரை முதுகில் மூட்டைகள் இறங்குவதை இந்த மாவட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, கிரீமும் கேரமலும் மிதக்கும் ஒரு கோப்பையைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ருசியை எதற்கு இத்தனை போர்வை போட்டு மூட வேண்டும்?

வரக்காப்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொட்டை நல்லதா, பச்சைக்காய் கலந்ததா, வறுத்துப் பல மாதம் ஆனதா என்று முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். மலைக்காபியில் இருக்கும் லேசான புளிப்பும், விழுங்கிய பிறகு அடிநாக்கில் தங்கும் இனிப்பும் அப்போதுதான் பிடிபடும். சிரப் ஊற்றிய பானத்தில் எந்த ஊர்க் காபியும் ஒரே ருசிதான். காபி அங்கே சர்க்கரைக்குத் துணை.

பெயர் இல்லாத காபி

இந்தியாவில் விளையும் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. கேரளத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டிய பங்கு. தமிழகத்தின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான். அதிலும் போடி மலையின் பங்கு சிறியது. இங்கே பறித்த கொட்டை மூட்டையில் ஏறியதும் ஊர்ப் பெயரை இழந்துவிடுகிறது. எங்கோ ஒரு ஆலையில் வேறு ஊர்க் கொட்டையோடு கலந்து, ஏதோ ஒரு கம்பெனிப் பெயரில் பாக்கெட்டாகிறது.

2019-ல் குடகு அராபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா என்று ஐந்து காபிகளுக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் ஒரு தமிழக மலைகூட இல்லை. இதே கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் குறியீடு கிடைத்தது. திராட்சைக்குப் பெயர் இருக்கிறது. காபிக்கு இல்லை.

பெயர் இருந்தால் என்ன கிடைக்கும்? ஆந்திரத்து அரக்கு பள்ளத்தாக்கைப் பாருங்கள. பழங்குடி விவசாயிகள் விளைவிக்கும் அந்தக் காபி, தன் ஊர்ப் பெயரோடு 2017-ல் பாரிஸ் நகரத்தில் கடை திறந்தது. பெயர் சொல்லி விற்கும்போது விலையைப் பற்றிப் பேச விளைவித்தவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. பெயர் இல்லாத கொட்டைக்கு நியூயார்க் சந்தை அன்றைக்கு என்ன சொல்கிறதோ அதை ஒட்டித்தான் விலை. 2025 தொடக்கத்தில் அராபிகா விலை உலகச் சந்தையில் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அதற்கு முக்கியக் காரணம், பிரேசிலில் மழை பொய்த்தது. எங்கோ வானம் வறண்டால் இங்கே விலை ஏறும். அங்கே நன்றாக விளைந்தால் இங்கே இறங்கும். போடியில் எவ்வளவு கவனமாகச் சிவப்புப் பழமாகப் பொறுக்கினார்கள் என்பது அந்த விலைப்பலகையில் வராது.

நாம் காபியை எப்படிக் கேட்கிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 'கேரமல் காபி' என்று கேட்டால் கடைக்காரர் நல்ல கேரமல் வாங்குவார். 'நல்ல வரக்காப்பி' என்று கேட்டால்தான் நல்ல கொட்டையைத் தேடிப் போவார்.

காபியும் ஒரு காலத்தில் புதுமோஸ்தர்தான்

'அந்தக் காலத்தில் எல்லாம் இப்படியா?' என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய ஒரு நூலின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. நூறு வருடங்களுக்கு முன்பு, காலையில் நீராகாரம் குடித்த தமிழ்க் குடும்பங்களில் காபி நுழைந்தபோது, உடம்பைக் கெடுக்கும் பட்டணத்துப் பழக்கம் என்று அதைத் திட்டியவர்கள் நிறைய. இன்றைக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் ஃப்ராப்பேயைப் பார்த்து நாம் சொல்வதைத்தான் அன்றைக்குப் பெரியவர்கள் டபரா டம்ளரைப் பார்த்துச் சொன்னார்கள்.

இந்தியாவுக்கே காபி வெளியிலிருந்து வந்ததுதான். ஏமன் நாட்டிலிருந்து பாபா புதன் என்ற சூஃபி பெரியவர் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது 17-ஆம் நூற்றாண்டைப் பற்றிய வழிவழிக் கதை. அந்த ஏமனில் இருந்த ஒரு துறைமுகத்தின் பெயர் மோக்கா. உலகத்துக்கே காபி அங்கிருந்துதான் கப்பலேறியது. இன்று காபி ஷாப்பில் 'மோக்கா' என்றால் சாக்லேட் கலந்த காபி. ஊர்ப்பெயர் ஒரு சுவைப்பெயராகத் தேய்ந்துவிட்டது.

போடி மலைக்கும் இப்படிப் பழைய தடங்கள் உண்டு. மூணாறு பக்கத்துத் தேயிலை, 1900-களின் தொடக்கத்தில் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. அந்த மலை ரயிலை 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. 'டாப் ஸ்டேஷன்', 'சென்ட்ரல்' என்ற பெயர்கள் மட்டும் மலையில் மிச்சம். எனவே பழசு என்பதற்காக வரக்காப்பியை விரும்பச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான்.

காபி ஷாப்பில் எதற்குக் காசு?

மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் தேனி மாவட்டம் அறிவிக்கப்பட்டது 1996-ல். அதே வருடம்தான் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் 'கஃபே காபி டே' திறந்தது. மாவட்டமும் இந்தக் காபி ஷாப் பழக்கமும் ஒரே வயது. இப்போது தேனி ஊருக்குள்ளும் ஏ.சி. போட்ட காபி கடைகள் வந்துவிட்டன.

ஒரு மத்தியானம் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் நான்கு கல்லூரிப் பெண்கள். இரண்டு குளிர் காபியை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். "இந்தக் காசுக்கு வெளியே பத்து காபி குடிக்கலாமே?"

ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காபிக்கு இல்லக்கா, சேருக்குத்தான் காசு. டீக்கடையில நாங்க எங்க உட்கார்றது?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நம் ஊர் டீக்கடை பெஞ்ச் ஆண்களுடையது. பேப்பர் வாசிப்பதும் அரசியல் பேசுவதும் அவர்கள்தான். பெண்கள் நின்று குடித்துவிட்டுப் போகலாம். பார்சல் வாங்கிப் போகலாம். விடியற்காலையில் ஜீப்புக்கு நிற்கும் பெண்களுக்கும் அந்த பெஞ்சில் இடம் ஒதுங்குவதைப் பார்க்க முடியவில்லை. காபி ஷாப் விற்பது காபியை மட்டும் அல்ல. யாரும் முறைக்காமல் ஒரு மணி நேரம் உட்காரும் உரிமையையும் சேர்த்து விற்கிறது. அதை வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சேர் வேறு, கோப்பைக்குள் இருப்பது வேறு. கிரீம், சிரப், ஐஸ்கிரீம் சேர்ந்த பெரிய குளிர் பானம் ஒன்றில் 50 கிராம் வரை சர்க்கரை இருப்பது உலகெங்கும் சாதாரணம். அதாவது 12 தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இரண்டு நாள் சர்க்கரை ஒரே கோப்பையில் இறங்கிவிடுகிறது. அதே கடையில், அதே ஏ.சி.யில், அதே சேரில் உட்கார்ந்து சாதாரணக் காபி கேட்கலாம். பெரும்பாலான கடைகளில் மெனுவின் கடைசி வரியில் அது இருக்கும். விலையும் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கம், டீக்கடைக்காரர்களும் யோசிக்கலாம். பெண்களும் உட்கார நான்கு நாற்காலி, ஒரு ஃபேன், நல்ல மலைத்தூள். இது மூன்றும் இருந்தால் அந்தக் கல்லூரிப் பெண்கள் அங்கே வரமாட்டார்களா என்ன?

ஏலக்காய் போய்ச் சேரும் கோப்பை

போடியில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது ஏலக்காய் வாசம். போடியிலும் எல்லைக்கு அப்பால் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே கைமாறும் பச்சை ஏலக்காயில் ஒரு பங்கு வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. எதற்கு? பாயசத்துக்கு இல்லை, காபிக்கு!

அரபு வீடுகளில் விருந்தாளிக்குக் கொடுப்பது 'கஹ்வா'. லேசாக வறுத்த கொட்டையை இடித்து, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கூட ஒரு பேரீச்சம்பழம். இந்த அரபுக் காபியை 2015-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, அந்தச் செல்வந்த நாடுகளில் விருந்தாளியை வரவேற்பது ஒரு வரக்காப்பி. அதில் மணப்பது நம் பக்கத்து மலையின் ஏலக்காய். குரங்கணிப் பெரியம்மா வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கும், அங்கே பேரீச்சையைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டில் வரக்காப்பி

மலையில் கற்றுக்கொண்ட முறை இது. ஃபில்டர்கூட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். இரண்டு தேக்கரண்டி தூளைப் போட்டு ஒரு கிளறு கிளறி, மூடி வையுங்கள். நான்கைந்து நிமிடம் கழித்து இரண்டு சொட்டு பச்சைத் தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் தங்கும். மேலாக வடிகட்டிக் குடிக்கலாம். தூளைப் போட்டபின் கொதிக்கவிடாதீர்கள், கசப்பு ஏறிவிடும். கருப்பட்டியோ வெல்லமோ வேண்டுமானால் சேருங்கள். ஆனால் முதல் மடக்கை ஒன்றும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள்.

பால் காபி பிரியர்களும் இதே வழியில் வரலாம். ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷனைப் பால் கலக்கும் முன் ஒரு ஸ்பூன் ருசி பார்த்தால் தூளின் தரம் தெரிந்துவிடும்.

பாக்கெட் வாங்கும்போது சிக்கரி அளவைப் பாருங்கள். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும், காபி அல்ல. கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும், எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். பால் காபிக்குக் கொஞ்சம் சிக்கரி பிடிக்கும் என்றால் அது உங்கள் ருசி. வரக்காப்பிக்குச் சிக்கரி இல்லாத தூள்தான் சரி.

அளவும் முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2024 உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். ஆகவே இரண்டு, மூன்று டம்ளர்தான் எல்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்றும் சொல்கிறது. உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை மறக்க வேண்டாம்.

போகிறவர்களுக்கு

மதுரை - போடி ரயில் பாதை 1928-ல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15-ல் மீண்டும் போடியைத் தொட்டது. சென்னையிலிருந்தும் வாரத்தில் சில நாட்கள் நேரடி ரயில் இருக்கிறது. போடியிலிருந்து குரங்கணி 16 கிலோமீட்டர்.

பூ பார்க்க பங்குனி. பழம் பார்க்க கார்த்திகை முதல் தை வரை. தோட்டங்கள் தனியாருடையவை. கேட்டுவிட்டு உள்ளே போங்கள்; பழத்தைப் பறிக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் உயிரிழந்த துயரம் இன்னும் ஆறாதது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் ஏற வேண்டாம். போடிமெட்டு சாலையில் அதிகாலையிலும் மாலையிலும் தொழிலாளர் ஜீப்புகள் வரிசையாக வரும். வளைவுகளில் அவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது போடியிலோ தேனியிலோ கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையாகப் பார்த்து, கால் கிலோ தூள் வாங்குங்கள். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மலைக் கொட்டை? என்றைக்கு வறுத்தது? சிக்கரி எவ்வளவு? முதல் கேள்விக்குக் கடைக்காரர் கொஞ்சம் யோசிக்கலாம். இதுவரை அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்து வருகிறவரும் கேட்டால், அதற்கடுத்தவரும் கேட்டால், பாக்கெட் மேல் அந்த மலையின் பெயரை எழுதி வைப்பதுதான் சுலபம் என்று அவருக்கே தோன்றிவிடும்.